அப்பா பேர்ல ஒரு பாக்கி

போன மாசம் மேலூர் பக்கம் எங்க ஊர் வீட்டுக்குப் போயிருந்தப்போ, பீரோவுக்கு அடியில ஒரு நீல ஃபைல் கிடைச்சது. தூசி தட்டித் திறந்தா, 2013ல் நான் கல்விக் கடனுக்காகச் சேர்த்த தாள்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, கவுன்சிலிங் ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரி கொடுத்த போனஃபைடு, அப்பாவோட பட்டா, சிட்டா. எண்ணிப் பார்த்தேன். 23 தாள். இதுல என்னைப் பத்தின தாள் 6தான். மீதி 17ம் எங்க அப்பாவைப் பத்தினது.

இன்னைக்கு எபிசோடு அந்த 17 தாள் பத்தித்தான். படிக்கப் போறது பிள்ளை. அப்புறம் ஏன் அப்பாவோட வரலாற்றைக் கேக்குறாங்க? இந்தக் கேள்விக்கு ஒரு நீளமான கதை இருக்கு.

முதல்ல என் கதையைச் சுருக்கமா சொல்லிடுறேன். மேலூர் வட்டாரம் பெரியாறு கால்வாய்ப் பாசனத்துல ஒருபோகப் பகுதி. அணையில தண்ணி இருந்தாத்தான் எங்களுக்கு வரும். 2012ல் பருவமழை பொய்த்தது. அடுத்த வருஷம் சென்னையைத் தவிர எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம்னு அரசு அறிவிச்சது. அப்பா ஒரு வங்கியில வாங்கியிருந்த பயிர்க் கடன் தவணை தவறிப்போச்சு. அதே வருஷம்தான் எனக்கு கவுன்சிலிங்ல இன்ஜினியரிங் சீட் கிடைச்சது.

அந்த வங்கியைத் தவிர எங்களுக்கு வேற வங்கி தெரியாது. மேனேஜர் ஃபைலைப் புரட்டிட்டுச் சொன்னார்: "தம்பி, உன் மார்க் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்பா பேர்ல ஒரு பாக்கி நிக்குதே." அப்பா எழுந்து நின்னுக்கிட்டே, "மழை பேஞ்சிருந்தா நான் ஏன் சார் பாக்கி வைக்கப் போறேன்?" என்றார். மேனேஜரிடம் அதுக்குப் பதில் இல்லை.

சரி, முதல் பட்டதாரி சலுகையாவது கிடைக்குமான்னு பார்த்தோம். குடும்பத்துல முதல் ஆளா பட்டப்படிப்புக்குப் போறவங்களுக்கு, கவுன்சிலிங்ல சேர்ந்தா, கல்விக் கட்டணத்தை அரசே ஏத்துக்கும். 2010ல் வந்த திட்டம். ஆனா எங்க அக்கா கல்யாணத்துக்கு அப்புறம் தபால் வழியில பி.ஏ. முடிச்சிருந்தாங்க. ஆக, நான் முதல் பட்டதாரி இல்லை. அக்கா ரொம்ப நாள் அதைச் சொல்லி வருத்தப்பட்டாங்க. படிச்சதுக்காக ஒருத்தர் வருத்தப்பட்டதை நான் அப்போதான் பார்த்தேன்.

இப்போ வரலாற்றுக்கு வருவோம்.

ஏழை வீட்டுப் பிள்ளை படிக்கிறதுக்குப் பணம் எங்கிருந்து வரும்? பழைய பதில்: ராஜாவோ, சொந்தக்காரரோ, நண்பரோ தரணும். அம்பேத்கர் வாழ்க்கையையே எடுத்துக்கங்க. 1913ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்காவுக்குப் போனார். திரும்பி வந்து சமஸ்தானத்தில் வேலை பார்க்கணும்னு ஒப்பந்தம். 1916ல் லண்டனுக்குப் போய்ப் படிக்க ஆரம்பிச்சார். அடுத்த வருஷமே உதவித்தொகைக் காலம் முடிஞ்சு, பாதியில் திரும்ப வேண்டியதாப் போச்சு. பரோடாவில் வேலை இருந்தது. ஆனா சாதியைக் காரணம் காட்டித் தங்க இடம் கொடுக்க ஆள் இல்லை. அப்புறம் பம்பாயில் பேராசிரியராச் சம்பாதிச்ச சேமிப்பு, கோலாப்பூர் ஷாகு மகாராஜாவின் உதவி, நவல் பாத்தேனா என்ற பார்சி நண்பரிடம் வாங்கிய கைமாத்து, இவ்வளவையும் சேர்த்துக்கிட்டுத்தான் 1920ல் மறுபடி லண்டனுக்குப் போய் முடிச்சார்.

அதனாலதான், 1942ல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும், பட்டியல் சாதி மாணவர்களின் படிப்புக்கு அரசுப் பணம் ஒதுக்கணும்னு மனு கொடுத்தார். 1944ல் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. ராஜாவின் கருணை சட்ட விதியா மாறின இடம் இது. பெரிய மாற்றம். ஆனா விதின்னு வந்துட்டா, "யாருக்குத் தகுதி?"ன்னு ஒரு கேள்வியும், அதை நிரூபிக்க ஒரு தாளும் கூடவே வரும்.

அடுத்தது 1963. மத்திய அரசு தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டத்தைக் கொண்டு வந்தது. நல்லாப் படிக்கிற, வசதியில்லாத மாணவர்களுக்கு வட்டியில்லாக் கடன். படிச்சு ஆசிரியரானா, வேலை பார்க்கிற ஒவ்வொரு வருஷத்துக்கும் கடன்ல பத்துல ஒரு பங்கு தள்ளுபடி. அழகான யோசனை. ஆனா கொடுத்த பணம் சரியாத் திரும்பி வரல. வசூலிக்க ஆளும் இல்லை. கடைசியில திட்டத்தையே மூடிட்டாங்க.

இதுக்கு நடுவுல மதுரையில ஒருத்தரைக் கவனிங்க. கருமுத்து தியாகராசர். 1943ல் பாங்க் ஆஃப் மதுராவைத் தொடங்கினார். 1949ல் தியாகராசர் கல்லூரி, 1957ல் தியாகராசர் பொறியியல் கல்லூரி. வங்கியும் கல்லூரியும் ஒரே ஊர்ல, ஒரே ஆள் தொடங்கினது. ஆனா வங்கி வாசலுக்கும் கல்லூரி வாசலுக்கும் நடுவுல ஏழைப் பிள்ளைக்கு ஒரு பொதுவான பாதை நாடு முழுக்கவே அப்போ கிடையாது. அது வந்தது 2001ல். அதே வருஷம் பாங்க் ஆஃப் மதுரா ஐசிஐசிஐ வங்கியோடு இணைஞ்சு, அந்தப் பேரே மறைஞ்சு போச்சு.

2001ல் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் வந்தது. உள்நாட்டுப் படிப்புக்கு 7.5 லட்சம், வெளிநாட்டுக்கு 15 லட்சம் வரைக்கும். இதோட உயிர் ஒரே ஒரு வரியில இருக்கு: 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் வேண்டாம். அதாவது, வீடு, நிலம், நகை எதுவும் வேண்டாம். படிச்சு முடிச்சு நீ சம்பாதிக்கப் போறதே போதும். எதிர்காலத்தை நம்பிக் கொடுக்கிற கடன்.

ஆனா அதே திட்டத்துல இன்னொரு வரியும் இருக்கு. பெற்றோர் கூட்டுக் கடன்தாரரா கையெழுத்துப் போடணும். பாருங்க, எங்க அப்பாவோட 17 தாளும் இந்த வழியாத்தான் உள்ளே வந்தது. கூட்டுக் கடன்தாரர்னா அவரோட பழைய கணக்கையும் வங்கி பார்க்கும். 2000ல் தொடங்கிய சிபில் நிறுவனத்தால இந்த வேலை இன்னும் சுலபமாச்சு. ஒரு கதவுல எதிர்காலம்னு எழுதியிருக்கு. பூட்டு மட்டும் அப்பாவோட கடந்த காலத்துல கிடக்கு.

மேனேஜரைக் கெட்டவர்னு சொல்ல நான் வரல. அப்போ இந்தக் கடனுக்கு அரசு உத்தரவாதம் கிடையாது. திரும்பி வரலைன்னா, அந்தக் கிளையோட வாராக் கடன் கணக்குல ஏறும். கேள்வி அவருக்குத்தான் வரும். மேலே இருக்கிறவங்க "கொடு"ங்கிறாங்க, நஷ்டம் கீழே இருக்கிறவர் தலையில. பயப்படுறவர் என்ன செய்வார்? இன்னொரு தாள் கேப்பார்.

வரலாறு படிக்கிறவங்களுக்கு ஒரு தந்திரம் சொல்றேன். ஒரு விதி புதுசா வந்தா, அதுக்கு முன்னாடி யார் வாசல்ல நின்னுருக்காங்கன்னு யோசிங்க. 2009ல், பெற்றோர் வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா, படிக்கிற காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும்னு சொன்னாங்க. அப்படின்னா, வேலை கிடைக்கிறதுக்கு முன்னாடியே வட்டி ஏறித் தவிச்சவங்க இருந்திருக்காங்க. 2012ல், "உங்க வீடு எங்க கிளையோட எல்லைக்குள்ள இல்லை"ன்னு காரணம் சொல்லி விண்ணப்பத்தைத் தள்ளாதீங்கன்னு ரிசர்வ் வங்கி எழுதியது. அப்படின்னா, அங்கிட்டு போ, இங்கிட்டு போன்னு அலைஞ்சவங்க இருந்திருக்காங்க. 2015ல் வித்யாலட்சுமி இணையதளமும், 7.5 லட்சம் வரைக்கான கடன் உத்தரவாத நிதியும் வந்தது. 2023ல் கேரள உயர் நீதிமன்றம், சிபில் மதிப்பெண் குறைவுன்னு கல்விக் கடனை மறுக்க முடியாதுன்னு சொன்னது. 2024 நவம்பர்ல பி.எம். வித்யாலட்சுமி திட்டம் வந்தது. சொத்து ஜாமீனும் வேண்டாம், ஜாமீன்தாரரும் வேண்டாம். ஆனா தரவரிசையில் மேலே இருக்கிற நிறுவனங்களுக்கு மட்டும், தொடக்கத்துல 860. இப்போ கேள்வி, "உங்க அப்பா யாரு?"ங்கிறதுல இருந்து "உங்க காலேஜ் எது?"ன்னு நகர்ந்திருக்கு.

இது நம்ம ஊர்ல மட்டும்னு நினைக்காதீங்க. பிரிட்டன்ல 1962 சட்டப்படி மாணவர்களுக்கு அரசே உதவித்தொகை கொடுத்தது. 1990ல் கடன் நுழைஞ்சது. இன்னைக்கு இங்கிலாந்துல பொதுவா 25 வயசு ஆகிற வரைக்கும், செலவுக்கான கடன் எவ்வளவுன்னு தீர்மானிக்கப் பெற்றோர் வருமானத்தைத்தான் பார்க்கிறாங்க. பெற்றோரோட தொடர்பே அறுந்துபோன பிள்ளைகள், "எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை இல்லை"ன்னு நிரூபிக்கணும். இல்லாத உறவுக்கு எந்த ஆபீஸ்ல சான்றிதழ் வாங்குறது?

இந்தத் தாள் விளையாட்டு சில சமயம் உயிர் வரைக்கும் போயிருக்கு. 2016 ஜூலையில், மதுரையில் கல்விக் கடன் வாங்கி இன்ஜினியரிங் படிச்ச ஒரு இளைஞர் தற்கொலை செய்துகொண்டார். வசூல் வேலை ஒரு தனியார் நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. அவங்க கொடுத்த நெருக்கடிதான் காரணம்னு குடும்பத்தினர் சொன்னார்கள். கடன் வாங்குறதுக்குத் தகுதி பார்க்க இவ்வளவு விதி இருக்கு. வேலை கிடைக்காதவரை எப்படி நடத்தணும்ங்கிற விஷயம் அப்போதான் பலருக்கு உறைச்சது. இதைக் கேக்குற யாருக்காவது கடன் பாரம் நெஞ்சை அழுத்துனா, தனியா இருக்காதீங்க. 104க்குக் கூப்பிடுங்க, யார்கிட்டயாவது பேசுங்க.

என் கதை எப்படி முடிஞ்சது? முதல் வருஷ ஃபீஸுக்கு அம்மா தன் செயினைக் கழட்டிக் கொடுத்தாங்க. அதே வங்கி, அதே கிளை. அரை மணி நேரத்துல நகைக் கடன் கொடுத்துட்டாங்க. தங்கத்துக்கிட்ட யாரும் அப்பா பேரைக் கேக்கல. அப்புறம் கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துல மூணு வாரம் மனு கொடுத்து, நவம்பர்ல என் கடன் வந்தது. நாலு வருஷம் படிச்சேன். ஆறு வருஷம் கட்டினேன். இப்போ பாக்கி இல்லை.

இன்னைக்கு மதுரையில நிலைமை கொஞ்சம் மாறியிருக்கு. நாடாளுமன்ற உறுப்பினர் சு. வெங்கடேசனின் முயற்சியில், மாவட்ட நிர்வாகமும் வங்கிகளும் சேர்ந்து கல்விக் கடன் முகாம்கள் நடத்துறாங்க. அதிகாரியும், மாணவரும், வங்கிக்காரரும் ஒரே மேசையில உக்கார்றாங்க. விதி மாறுறதுக்கு முன்னாடியே, மேசை மாறினாலே பாதி வேலை நடக்குது.

கடைசியா ஒரு விஷயம். மாதிரித் திட்டத்துல ஒரு வரி இருக்கு, எங்களுக்கு அப்போ யாரும் சொல்லல. கல்விக் கடன் விண்ணப்பத்தை ஒரு கிளை தானா நிராகரிக்க முடியாது. மேலதிகாரியோட ஒப்புதல் வேணும். அதனால வாய்வார்த்தையா "கிடைக்காதுப்பா"ன்னு சொன்னா எழுந்து வந்துடாதீங்க. "எழுத்துல கொடுங்க சார்"னு கேளுங்க. எங்க அப்பா 23 தாள் கொண்டு போனார். அவர் கேட்டு வாங்கியிருக்க வேண்டிய 24வது தாள் அதுதான்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.