காலனி: ஒரு சொல்லுக்கு ஏறிய சாதி

லத்தீனில் 'கொலெரே' என்றால் உழுது பண்படுத்துவது. உழுபவன் 'கொலோனுஸ்'. அவன் குடியேறிய இடம் 'கொலோனியா'. படையிலிருந்து ஓய்வு பெற்ற சிப்பாய்களுக்கு, பிடித்த நாட்டிலே நிலத்தைப் பங்கு வைத்துக் கொடுத்து ரோமாபுரி உட்கார வைத்த ஊர்களுக்கு இந்தப் பேர். ஜெர்மனியின் கொலோன் நகரம் கி.பி. 50இல் பெற்ற பேர் அதுதான். பிறகு வெள்ளைக்காரன் கடல் தாண்டிப் பிடித்த நாடெல்லாம் காலனி. எறும்புக் கூட்டம் காலனி. தொழுநோயாளிகளை ஒதுக்கிய இடமும் காலனி.

திருச்செங்கோட்டுப் பக்கம் "எந்தூருங்க?" என்று கேட்டவர் அடுத்ததாகக் கேட்பார்: "ஊருக்குள்ளயா, காலனிங்களா?" சாதியைச் சொல்லாமலே சாதி விசாரித்தாயிற்று.

முன்னே சாதிப்பேரோடு வளவு, தெரு, சேரி என்றார்கள். ராஜாஜி 1925இல் இங்கே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். 1930களில் காந்தி 'ஹரிஜன்' என்ற பேரைப் பரப்பினார். ஹரிஜன் காலனி வந்தது. 1974இல் தாட்கோ வந்தது, வீடுகள் எழும்பின, ஆதிதிராவிடர் காலனி என்றானது. போகப்போக முன்னால் நின்ற பேர் உதிர்ந்து காலனி மட்டும் மிஞ்சியது. சாதி உதிரவில்லை, அந்த இங்கிலீஷ் சொல்லுக்குள்ளேயே குடியேறிவிட்டது. டவுனில் டீச்சர்ஸ் காலனி, என்.ஜி.ஓ. காலனி என்று சொல்ல மட்டும் யாருக்கும் நாக்குக் கூசுவதில்லை.

2025 ஏப்ரல் 29 அன்று, அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' நீக்கப்படும் என்று முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். வேலை மனுவில் முகவரி எழுதத் தயங்கும் நம் பிள்ளைகளுக்கு இது சின்ன விசயமில்லை. ஆனால் ஊர் ஒருபுறமும் நாம் ஒருபுறமும் இருக்கும்வரை, பலகையில் எழுதும் 'நகர்' என்ற சொல்லுக்கும் சாதி ஏறும். 'ஹரிஜன்' என்ற சொல்லுக்கு ஏறவில்லையா?

ரோமாபுரிச் சிப்பாய்க்குச் சொல்லோடு நிலமும் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாய் உழுத நமக்கு இரண்டு மூன்று சென்ட் மனையும் சொல்லும்தான். செங்கல்பட்டுக் கலெக்டராயிருந்த திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம், பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் எத்தனையோ ஊர்களில் ஆதிக்க சாதியார் கைக்குப் போய்விட்டது.

பலகை மாற்ற வரும் அதிகாரியிடம் அந்த நிலத்தின் சிட்டா, அடங்கலையும் சேர்த்துக் கேட்போம்.