கிண்டிலில் இருந்து காணாமல் போன ஆர்வெல்

2007 நவம்பரில் அமேசான் தன் முதல் கிண்டிலை 399 டாலருக்கு விற்பனைக்கு விட்டபோது அதன் உள்நினைவகம் வெறும் 250 மெகாபைட். சுமார் 200 புத்தகங்கள் பிடிக்கும். போதாதவர்கள் எஸ்.டி. கார்டு செருகிக் கொள்ளலாம். 2009 பிப்ரவரியில் வந்த இரண்டாவது கிண்டிலில் நினைவகம் 2 ஜிகாபைட் ஆனது, ஆனால் கார்டு செருகும் இடம் போய்விட்டது. போனால் என்ன? வாங்கிய புத்தகத்தின் பிரதி அமேசானின் சர்வரில் இருக்கிறது, அழிந்தாலும் மறுபடி இறக்கிக் கொள்ளலாம். வசதிதான்!

அதே கம்பியில்லா வழியாகப் புத்தகம் திரும்பியும் போகும் என்பது அந்த ஜூலையில் தெரிந்தது. ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' இரண்டையும் அமெரிக்காவில் உரிமை இல்லாத ஒரு பதிப்பாளர் கிண்டில் கடையில் ஏற்றியிருந்தார். (கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அப்போதே ஆர்வெல் பொதுவுடைமை, அமெரிக்காவில் இல்லை.) உரிமையாளர் புகார் செய்ததும் அமேசான் விற்பனையை நிறுத்தியதோடு விடவில்லை. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவிக்குள்ளேயே புகுந்து அழித்துவிட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. வேண்டாத ஆவணங்களைப் போட்டு எரிக்கச் சுவரில் துளை வைத்திருக்கும் அரசைப் பற்றிய நாவல் '1984'. அமேசான் வேறு எந்தப் புத்தகத்தையாவது அழித்திருக்கக் கூடாதா!

மிச்சிகனைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் கோடை விடுமுறைப் பாடத்துக்காக '1984'இல் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார. குறிப்புகள் மட்டும் தங்கின. எந்த வரிக்கு எந்தக் குறிப்பு என்று சொல்லப் புத்தகம் இல்லை. அவர் வழக்குப் போட்டார். ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். செப்டம்பரில், அழித்த நூலைக் குறிப்புகளோடு திருப்பித் தருவதாகவும், வேண்டாதவர்களுக்கு 30 டாலர் தருவதாகவும் அமேசான் அறிவித்தது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. நீதிமன்ற ஆணை போன்ற சில காரணங்கள் தவிர அமெரிக்கக் கிண்டில்களில் இருந்து நூல்களை இனி அழிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டது.

2019 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியது, ஜூலையில் வாங்கிய நூல்கள் எல்லாமே திறக்காமல் போயின. பணம் திரும்பி வந்தது. குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர்.

வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூ.எஸ்.பி. கம்பி வழியாகக் கிண்டிலுக்கு ஏற்றும் வசதி மட்டும் நெடுங்காலம் இருந்தது. 2025 பிப்ரவரி 26 அன்று அமேசான் அதையும் எடுத்துவிட்டது.