தோம்பும் ஞானஸ்நானமும்

1544 ஆம் ஆண்டில், மன்னார்த் தீவின் கரையோரக் கிராமமொன்றைச் சேர்ந்த அறுநூறு முதல் எழுநூறு வரையான மக்கள் யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியின் ஆணையினாற் கொல்லப்பட்டனர். முத்துக்குளிப்புக் கரையிலே பணிபுரிந்த பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குரு ஒருவரிடம் அவர்கள் ஞானஸ்நானம் பெற்று நெடுநாள் ஆகியிருக்கவில்லை. கடலை நம்பி வாழ்ந்த அந்த எளிய மக்கள், தாம் இனிக் கடவுளின் பிள்ளைகள் என்று எண்ணியிருத்தல் கூடும். அரசனோ அவர்களைப் போர்த்துக்கேய மன்னனின் புதிய குடிகளாகக் கண்டான். அவனுடைய அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதெனக் கூறிவிட முடியாது. பதினாறு ஆண்டுகளின் பின்னர், 1560 இல், போர்த்துக்கேயப் படை மன்னாரைக் கைப்பற்றியே விட்டது. ஆயின், சிலுவைக்கும் செங்கோலுக்கும் இடையில் அகப்பட்டு மாண்ட அம்மக்கள் தம்மை யாரெனக் கருதினர் என்று கேட்டறிய அன்று எவரும் முற்படவில்லை.

விசுவாசி ஒருவன் கடவுளின் பார்வையில் யார்? இவ்வினாவுக்குக் கிறிஸ்தவ வேதம் ஐயத்துக்கிடமின்றி விடை கூறுகின்றது. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்திலே, ஞானஸ்நானம் பெற்றோரிடையே யூதர், கிரேக்கர் என்ற பிரிவும், அடிமை, சுயாதீனன் என்ற பேதமும், ஆண், பெண் என்ற ஏற்றத்தாழ்வும் இல்லாதொழிந்தன என்று பவுல் வாதிடுகின்றார். அடிமை முறையின் மீது எழுப்பப்பட்ட உரோமப் பேரரசிலே இது சாமானியமான கூற்றன்று. இக்கூற்று மெய்யா பொய்யா என்று தீர்ப்பளிப்பது வரலாற்று மாணவனின் வேலையன்று. அது நம்பிக்கையின் பாற்பட்டது. இதனை நம்பிச் சென்ற தமிழ் மக்களை அரசும் சாதியும் திருச்சபையும் நீதிமன்றமும் என்ன பெயரிட்டு எழுதி வைத்தன என்பதோ வரலாற்றின் பாற்பட்டது. நாம் ஈண்டு நோக்க விழைவது அதனையே.

எழுதி வைப்பதில் ஒல்லாந்தருக்கு நிகர் எவருமிலர். 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய கையோடு, கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்று அவர்கள் பறையறைவித்தனர். போர்த்துக்கேயர் கட்டிய கோவில்கள் சீர்திருத்தச் சபையின் கோவில்களாயின. அவற்றோடு சேர்ந்து பள்ளிக்கூடங்கள் நடந்தன. அப்பள்ளிக்கூடத்தின் உபாத்தியாயர் எழுத்தும் செபமும் கற்பித்தவர் மாத்திரமல்லர். ஊரிலே யார் யார் ஞானஸ்நானம் பெற்றனர், யார் யாரை மணந்தனர் என்று பள்ளித் தோம்பில் எழுதியவரும் அவரே. பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பெற்றோரிடம் குற்றப்பணம் அறவிட்டவரும் அவரே. (நமது தொழிலின் மூதாதையர் இவர்தாம் என்பதை ஆசிரிய நண்பர்கள் மறக்கலாகாது. இன்றும் நாம் வரவுப் பதிவேட்டைக் கையில் எடுக்கும்போது அந்தப் பழைய உத்தியோகத்தின் நிழல் சிறிது நம்மீது விழத்தான் செய்கின்றது.)

இத்தோம்பின் வலிமை எத்தகையது? தோம்பிற் பெயர் இல்லாதவனின் திருமணம் சட்டத்தின் முன் திருமணமன்று. அவனுடைய பிள்ளைகள் முதுசத்துக்கு உரிமை கோரும்போது இடர்ப்பட்டனர். முதலியார் முதலான உத்தியோகங்களுக்கு ஞானஸ்நானம் இன்றியமையாததாயிற்று. காணியும் பதவியும் கல்யாணமும் ஒரு துளி நீரில் தங்கியிருந்தபோது, அந்நீரை வேண்டாமென்று கூறும் நிலவுடைமையாளர் எத்தனை பேர் இருந்திருப்பர்? 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்து, 1672 இல் இலங்கை பற்றிய பெருநூலை வெளியிட்ட பால்தேயு பாதிரியார் தருகின்ற கணக்கின்படி, 1663 இல் யாழ்ப்பாணப் பட்டினத்துக் கிறிஸ்தவர்கள் 62,000 பேருக்கு மேல். இவர்களுட் பலர் பெயரளவிற் கிறிஸ்தவர்கள் என்பதை அவரே நன்கறிந்திருந்தார்.

அக்கணக்கிலே ஒரு நுட்பம் உண்டு. அறுபத்தீராயிரத்துக்கு மேற்பட்ட அத்தொகையில் அடிமைகள் சேர்க்கப்படவில்லை. அவர்கள் 2,500 பேருக்கு மேற்பட்டோர், தனியே எண்ணப்பட்டுள்ளனர். அவர்களும் அதே நீரைப் பெற்றவர்கள்; அதே செபத்தை மனனம் செய்தவர்கள். அடிமை, சுயாதீனன் என்ற பேதம் இல்லையென்று பவுல் எழுதிய நிருபத்தைப் போதித்த சபையே, கணக்கெழுதும்போது அப்பேதத்துக்கென ஒரு தனிப் பத்தி வகுத்துக்கொண்டது. 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையைத் தொகுத்தபோது, அடிமைகள் யாருக்குச் சொந்தம், எவ்வாறு கைமாறுவர் என்பனவும் அதில் விதிகளாயின. அத்தொகுப்பைச் சரியென உறுதிப்படுத்தியவர்கள் ஞானஸ்நானப் பெயர் தாங்கிய பன்னிரண்டு முதலியார்கள். அடிமை முறை இலங்கையிற் சட்டப்படி ஒழிவதற்கு 1844 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1796 இல் ஆங்கிலேயர் வந்தனர். ஞானஸ்நானத்துக்கும் பதவிக்கும் இருந்த கட்டு அவிழ்ந்தது. அவ்வளவில் அத்தனை ஆயிரம் சீர்திருத்தச் சபையினரும் காலைப் பனிபோல மறைந்தனர். பத்தாண்டு கழித்து யாழ்ப்பாணம் வந்த குளோடியஸ் புக்கானன் கண்டவை பாழடைந்த கோவில்களும், தஞ்சாவூரிலிருந்து வந்து தனியாளாக உழைத்துக்கொண்டிருந்த கிறிஸ்தியன் டேவிட் என்ற தமிழ்ப் போதகருமே. ஆறுமுக நாவலர் காலத்துக்கு முன்னமே சைவம் தன் வீட்டுக்குள் மீண்டுவிட்டது. மெய்யாகச் சொன்னால், அது வீட்டைவிட்டுப் போகவேயில்லை.

இனி, தோம்பில் இடம் பெறாதவர்களைப் பார்ப்போம். இங்கே கதை எங்கள் வன்னிக்கு வருகின்றது. 1670 அளவில், மாந்தையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் சில, தம் கோவிலிலிருந்த மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஒல்லாந்தரின் கைக்கெட்டாத காட்டுக்குள் ஓடின என்பது மரபு. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்தோரும் அங்கே அவர்களோடு சேர்ந்தனர். வன்னிமைகளின் காடு அன்று ஒல்லாந்தரின் நேரடி ஆட்சிக்கு அடங்காதது. அவ்வாறு குடியேறிய இடமே மருதமடு. அம்மக்களுக்கு நீண்ட காலம் குருவுமில்லை, பூசையுமில்லை, பதிவேடுமில்லை. தாம் யாரென்பதற்கு அவர்களிடமிருந்த சான்று ஒரு மரச் சுரூபமும் தலைமுறையாய் வாய்வழி வந்த செபங்களுமே.

1687 இல் அத்தகையோரைத் தேடி ஒருவர் யாழ்ப்பாணக் கரையில் இறங்கினார். பிச்சைக்காரர் போல் உடுத்திருந்த அவர் பெயர் யோசேவாஸ். 1651 இல் கோவாவில் ஒரு கொங்கணிப் பிராமணக் குடும்பத்திற் பிறந்தவர். கழுத்திலே செபமாலையை அணிந்து வீடு வீடாக யாசித்து, அதைக் கண்டு எந்தக் கண் மலர்கின்றதென்று பார்த்து, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை அவர் இனங்கண்டார். சில்லாலையை நிலைக்களமாகக் கொண்டு இரவிலே பூசை நடத்தினார். பின்னர் புத்தளம் வழியாகக் கண்டிக்குச் சென்று, ஒற்றனெனச் சிறைப்பட்டு, அரசனின் நம்பிக்கையைப் பெற்று, 1711 இல் அங்கேயே இறந்தார். 2015 சனவரி 14 ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பிலே அவரைப் புனிதரெனப் பிரகடனஞ் செய்து, அன்று பிற்பகலே மடுவுக்கும் வந்தார்.

யோசேவாசின் தியாகத்தை மதிக்காதவன் கல்நெஞ்சன். எனினும் முற்போக்காளர் ஓர் உண்மையைக் கண்டும் காணாததுபோற் போகலாகாது. அவர் சார்ந்திருந்த கோவா ஒறற்றோரியன் சபை பிராமண குலத்திற் பிறந்தோரை மாத்திரமே உறுப்பினராக ஏற்றது. தமது நாட்டிலே வெள்ளைக் குருமாரின் நிறத்திமிருக்கு எதிராக எழுந்த சபை அது. ஆயினும் தனக்குக் கீழே ஒரு வேலியைப் போட்டுக்கொண்டது. கூலிக்காரனின் கந்தையை அணிந்து இலங்கைக்கு வருவதற்கு அச்சபையினர் தயங்கவில்லை. அக்கந்தையை அன்றாடம் அணிந்தவன் அவர்களுடைய மடத்திலே குருவாக முடியாதிருந்தது.

மடுவைப் பற்றி இன்னுமொரு வார்த்தை. புதுக்குடியிருப்பிலிருந்து ஆடி, ஆவணித் திருவிழாக்களுக்கு அங்கு செல்வோரிற் கத்தோலிக்கர் மாத்திரமன்றிச் சைவரும் உளர். தெற்கிலிருந்து சிங்களவரும் வருவர். 1999 நவம்பரில் அத்தலத்திலே தஞ்சம் புகுந்திருந்தோர் மீது எறிகணைகள் வீழ்ந்து சுமார் நாற்பது பேர் மாண்டனர். 2008 இல் போர் நெருங்கியபோது சுரூபம் மீண்டும் இடம்பெயர்ந்தது. மாந்தையிலிருந்து ஓடிய அதே மாதா, இம்முறை தேவன்பிட்டிக்கு ஓடினாள். அடுத்த ஆண்டில் எங்கள் ஊர்களும் இல்லாதொழிந்தன. பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் காணி உறுதியும் இன்றி முகாம்களிலே வரிசையில் நின்றவர்களுக்கு, பத்திரம் இல்லாத மனிதன் அரசின் பார்வையில் யார் என்ற கேள்வி ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை.

நிற்க. அரசின் தோம்பைக் குறை கூறினோம். தமிழ்ச் சபைகள் தாமே வைத்துக்கொண்ட தோம்பொன்று உண்டு. அது தாளில் எழுதப்படுவதன்று. கடலுக்கு அப்பால், 1706 இல் சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியிலே அதனைத் தெளிவாகக் காணலாம். அங்கே இராசநாயக்கன் என்றொருவர் இருந்தார். பறையர் குலத்தவர், தஞ்சாவூர் அரசனின் படையிற் சிப்பாய், கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்து, அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாட்டைத் தாமே படித்துத் தரங்கம்பாடிச் சபைக்கு வந்தவர். உபதேசியாராக அவர் ஆற்றிய பணிக்கு மிஷனரிமாரே சாட்சிகள். 1733 இல் வேளாளராகிய ஆரோன் முதற் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார். இரண்டாமவரைத் தெரிய வேண்டி வந்தபோது இராசநாயக்கனின் பெயர் எழுந்தது. பறையர் கையால் வேளாளர் நற்கருணை வாங்குவரா என்ற கேள்வியும் உடனெழுந்தது. 1741 இல் தியோகு என்ற வேறொருவருக்கே அபிஷேகம் நடந்தது. இராசநாயக்கன் 1771 இல் இறக்கும் வரை உபதேசியாராகவே இருந்தார்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை (1774–1864) எவ்வாறு மதிப்பிடுவது? தமிழிசையையும் தமிழ் யாப்பையும் கிறிஸ்தவத்துக்குள் கொண்டுவந்த பெருங் கவிஞர் அவர். 1820 களின் இறுதியிலே புதிய மிஷனரிமார் செய்த கொடுமைகள் என்று அவர் முறையிட்டவற்றுள், திருவிழாவிலே பூவையும் கோவிலிலே தமிழ்ப் பாட்டையும் விலக்கியமை உண்டு. இவற்றில் நாம் அவர் பக்கமே நிற்போம். நற்கருணையிலே சாதிகளைக் கலந்தமையையும் அதே பட்டியலில் அவர் சேர்த்தாரே, அங்கேதான் அவரை விட்டு விலக வேண்டியிருக்கின்றது. 1833 இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் சபைக்குட் சாதி வேற்றுமை அறவே ஒழியவேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தபோது, சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையைத் துறந்தனரேயன்றிச் சாதியைத் துறக்கவில்லை. திருநெல்வேலி வடக்கன்குளத்துக் கத்தோலிக்கரோ 1872 இல் இரண்டு சாதிப் பிரிவினருக்காக இரண்டு கூடங்கள் கொண்ட கோவிலையே கட்டிக்கொண்டனர். 1910 இல் பங்குக் குரு இடைத்தடுப்பை இடித்தபோது வழக்குத் தொடுத்தனர், வழக்குத் தோற்றது.

யாழ்ப்பாணம் இதற்கு விலக்கன்று. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கவேண்டுமென்று 1929–30 இல் ஆணை பிறந்தபோது, பள்ளிக்கூடங்கள் சில தீக்கிரையாயின. அதுவரை ஒரே வகுப்பில் ஒரு பிள்ளை வாங்கிலும் இன்னொரு பிள்ளை நிலத்திலும் இருந்து படித்தது. மிஷன் பள்ளிகளும் அவ்வழக்கத்துக்கு நெடுங்காலம் இணங்கியே வந்தன. இன்று நமது நேரசூசியிலே சமய பாடவேளை வந்ததும் வகுப்பு சைவநெறியென்றும் கத்தோலிக்கமென்றும் கிறிஸ்தவமென்றும் பிரிகின்றது. வாங்கு எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றோம் என்பதை ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்பிலே பார்த்தறியலாம்.

ஞானஸ்நானம் சாதியை அழிக்கவில்லை என்பதற்கு முந்நூறு ஆண்டுச் சான்று இவ்வாறிருக்க, அது அழித்துவிட்டது என்று கொள்வதிலே இந்தியச் சட்டம் உறுதியாயிருப்பது விந்தையே. 1950 ஆம் ஆண்டின் சனாதிபதி ஆணை, அட்டவணைச் சாதியினர் என்ற தகுதியை இந்துக்களுக்கு வரையறுத்தது. அது 1956 இல் சீக்கியருக்கும் 1990 இல் பௌத்தருக்கும் விரிக்கப்பட்டது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் விரிக்கப்படவில்லை. 2007 இல் சமர்ப்பிக்கப்பட்ட இரங்கநாத் மிஸ்ரா ஆணைக்குழுவின் அறிக்கை இத்தடையை நீக்குமாறு பரிந்துரைத்தும் பயனில்லை.

சென்னைத் தெருவோரத்திலே செருப்புத் தைத்த ஆதிதிராவிடத் தொழிலாளி ஒருவரின் வழக்கு இதனைத் துலக்கும். அத்தொழிலாளருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடைகள் வழங்கியது. கிறிஸ்தவர் என்பதால் இவருக்கு மறுக்கப்பட்டது. அதே தெரு, அதே ஊசி, அதே தோல். வேறுபட்டது பெயர் மாத்திரமே. சூசை எதிர் இந்திய ஒன்றியம் என்று அவ்வழக்கு அறியப்படுகின்றது. சூசை என்பது யோசேப்பின் தமிழ் வடிவம். பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தவருக்கும் அதுவே பெயர். 1985 செப்டெம்பர் 30 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதம் மாறிய பின்னரும் சாதி தொடர்கின்றது என்று காட்டினால் போதாது. அதன் கொடுமை புதிய சமூகத்துக்குள்ளும் அதே கடுமையோடு தொடர்கின்றது என்பதை நிறுவவேண்டும். அது நிறுவப்படவில்லை என்று கூறி மனுவைத் தள்ளிற்று.

2024 நவம்பரில் அதே நீதிமன்றத்துக்குப் புதுச்சேரிப் பெண்ணொருவரின் மேன்முறையீடு வந்தது. எழுதுவினைஞர் பதவியொன்றுக்காக அவர் அட்டவணைச் சாதிச் சான்றிதழ் கோரினார். தாம் இந்துவே என்று வாதாடினார். அவர் கைக்குழந்தையாயிருந்தபோது ஞானஸ்நானம் பெற்றமைக்கான கோவிற் பதிவு அவருக்கு எதிரான சான்றுகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. சலுகைக்காக மட்டும் மதத்தைச் சொல்லுவது அரசியலமைப்பின் மீது செய்யும் மோசடி என்று நீதிபதிகள் எழுதினர். ஒல்லாந்தரின் யாழ்ப்பாணத்திலே உத்தியோகம் பெறுவதற்குக் காட்டவேண்டியிருந்த அதே வகைப் பதிவு, இங்கே உத்தியோகம் மறுப்பதற்குக் காட்டப்பட்டது. மேன்முறையீடு தள்ளுபடியாயிற்று.