மேலிருந்து பார்ப்பவர்

‘ஓவர்சியர்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பிரித்தால் கிடைப்பது மேலிருந்து பார்ப்பவர், அவ்வளவுதான். இதே பொருள் கொண்ட கிரேக்கச் சொல் ‘எபிஸ்கோபோஸ்’. அது லத்தீன் வழியாகத் திரிந்து ‘பிஷப்’ ஆயிற்று. ‘சூப்பர்வைசர்’, ‘சர்வேயர்’ இரண்டும் லத்தீன் வேரிலிருந்து அதே பொருளோடு வந்தவை. ஆக ஆயரும் நில அளவையாளரும் ஆலை மேற்பார்வையாளரும் சொல்லளவில் உடன்பிறப்புகள். பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தைத் தமிழாக்கியவர்கள் அந்தக் கிரேக்கச் சொல்லுக்குக் ‘கண்காணி’ என்று எழுதினார்கள். இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது.

இங்கிலாந்தில் 1601ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம் ஒவ்வொரு பங்கிலும் ‘ஏழைகளின் ஓவர்சியர்’களை ஏற்படுத்தியது. ஊர்க்காரர்களுள் சிலருக்கு ஆண்டுதோறும் வாய்க்கும் பொறுப்பு அது. வரி திரட்டி இல்லாதவர்க்கு வழங்க வேண்டும். 1662ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, வந்தேறிய ஏழை நம் வரிப்பணத்தில் உண்டுவிடுவானோ என்று அஞ்சி அவனை எல்லைக்கு அப்பால் அனுப்பக் கோருவதும் அதனோடு சேர்ந்துகொண்டது. கருணைக்கென்று உண்டான பதவி காவற்பதவியாக மாற அறுபது ஆண்டுகள் போதுமாயிருந்தன.

அட்லாண்டிக்கைக் கடந்ததும் சொல் இருண்டுவிட்டது. கரும்பு, புகையிலை, பருத்தித் தோட்டங்களில் ஓவர்சியர் என்பவர் உரிமையாளரின் கூலிக்கு அடிமைகளை வேலை வாங்கியவர். அவருக்குக் கீழே ‘டிரைவர்’. பெரும்பாலும் அவனும் ஓர் அடிமையே. ஜமைக்காவின் அடிமைகள் நாவில் ஓவர்சியர் ‘புஷா’ ஆனார். பிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இத்தகைய சிலரைப் பெயரோடு காட்டுகிறார். ஒருவர் ஹாப்கின்ஸ். அவரும் சாட்டையைச் சுழற்றியவர்தான். ஆனால் அதில் இன்பம் காணவில்லை. அதனாலேயே அடிமைகள் அவரை நல்ல ஓவர்சியர் என்றார்களாம்! பின்னால் வந்த ஆஸ்டின் கோர், சாட்டையடிக்குத் தப்பி ஓடைநீரில் இறங்கி நின்ற டெம்பி என்பவனை மூன்று முறை கூப்பிட்டுவிட்டுச் சுட்டுக் கொன்றார். விசாரணை ஏதுமில்லை. உரிமையாளருக்கு அவர் சொன்ன விளக்கம் போதுமானதாக இருந்தது.

இச்சொல்லின் நெருங்கிய உறவான ‘ஓவர்சைட்’ ஆங்கிலத்தில் மேற்பார்வையையும் குறிக்கும், பாராமல் விட்ட பிழையையும் குறிக்கும். டெம்பியின் கதையைப் படித்த பின் அந்த இருபொருள் எனக்கு வெறும் மொழி விநோதமாகத் தெரியவில்லை.

நம் பொதுப்பணித் துறையின் ஓவர்சியர் சாலையையும் பாலத்தையும் பார்த்தவர், சாதுவான மனிதர். நம்மிடமிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொல்லோ அவ்வளவு சாதுவானதன்று. இலங்கை, மலாயாத் தோட்டங்கள் வழியே ‘கங்காணி’ ஆங்கில அகராதிகளில் ஏறியது. இங்கே ஆள்சேர்த்துக் கப்பலேற்றியவர், முன்பணம் தந்து கடனாளியாக்கியவர், அங்கே வேலை வாங்கியவர் எல்லாம் அவர் ஒருவரே. பல வேளை சொந்த ஊர்க்காரர், உறவினர். இலங்கையில் அவருக்கு ‘தலைக்காசு’ என்றொரு வருமானம் இருந்தது. அன்றன்று வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் ஒரு சிறு காசு. காய்ச்சலில் லயத்தில் படுத்துவிட்டவனுக்கு அது கிடையாது.