துணிச்சலுள்ள பயிற்சியாளரும் கல்லூரிப் பணி நியமன விதிகளும்: நாடுகாணிப் பகுதியை முன்வைத்து

கூடலூரிலிருந்து வரும் சாலை நாடுகாணியில் பிரிகிறது. ஒரு கிளை சுரம் இறங்கி வழிக்கடவு, நிலம்பூர் என்று மலப்புறத்துக்குப் போகிறது. மற்றொன்று தேவாலா, பந்தலூர் வழியாக வயநாட்டை நோக்கி ஏறுகிறது. அந்த வயநாட்டிலிருந்து வந்த ஓ.பி. ஜெய்ஷா, 2015இல் பெய்ஜிங் உலகத் தடகளப் போட்டியில் மாரத்தானை 2 மணி 34 நிமிடம் 43 விநாடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்தார். சுல்தான் பத்தேரி பக்கத்து டி. கோபி 2017இல் ஆசிய மாரத்தானை வென்றார். அதே மலை, அதே மழை, அதே தேயிலைத் தோட்ட வாழ்க்கைதான் கூடலூர், பந்தலூர் மாணவர்களுக்கும். அவர்களுக்கும் அப்படியொரு வழி திறக்க வேண்டுமானால், கல்லூரிகள் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை முதலில் மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இப்போதைய முறையைப் பார்ப்போம். கல்லூரி உடற்கல்வி இயக்குநர் பதவிக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் கேட்பவை: உடற்கல்வியில் 55 விழுக்காட்டுடன் முதுகலைப் பட்டம், நெட் தேர்ச்சி அல்லது அதற்கு ஈடான தகுதி, தாமே போட்டிகளில் ஆடிய சான்று. உடல்தகுதித் தேர்வும் உண்டு. முப்பது வயதுக்குட்பட்ட ஆண் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர் ஓடவோ நடக்கவோ வேண்டும். ஆசிய, காமன்வெல்த் விளையாட்டுகளில் பதக்கம் வென்ற முதுகலைப் பட்டதாரிகளுக்குத் தனி வழி இருக்கிறது. ஆக, விண்ணப்பதாரர் எப்படி ஓடினார், என்ன படித்தார் என்பதெல்லாம் அளக்கப்படுகிறது. அவர் யாரை ஓடவைத்தார், எந்தப் புதிய முறையைச் சோதித்தார் என்பது இந்த நுழைவு நிலையில் கேள்வியாகவே வருவதில்லை.

ஓ.எம். நம்பியாரை இந்த அளவுகோலில் நிறுத்திப் பார்க்கலாம். விமானப்படையில் பணியாற்றி, பாட்டியாலாவில் பயிற்சியாளர் பட்டயம் பெற்று, கேரள விளையாட்டு கவுன்சிலில் சேர்ந்தவர் அவர். 1976 வாக்கில் அவர் கண்ணில் பட்ட பி.டி. உஷா குறுந்தொலைவு ஓட்டக்காரி. மகளிர் 400 மீட்டர் தடை ஓட்டம் முதன்முதலாக 1984 ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டபோது, அதிக அனுபவமே இல்லாத அந்தப் பந்தயத்துக்கு உஷாவைத் திருப்பினார். லாஸ் ஏஞ்சலஸில் உஷாவின் நேரம் 55.42 விநாடி, வெண்கலம் வென்றவரின் நேரம் 55.41. பதக்கப் பட்டியலை மட்டும் பார்த்தால் இது தோல்வி. இந்தியத் தடகளத்தில் இதைவிடப் பெரிய துணிவு கொண்ட பயிற்சி முடிவு அரிது. அடுத்த ஆண்டு துரோணாச்சார்யா விருது தொடங்கப்பட்டபோது முதல் அணியிலேயே நம்பியார் பெயர் இடம்பெற்றது.

அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் பில் பவர்மேன் செய்ததும் இவ்வகையே. தினமும் உடலை வருத்துவதே பயிற்சி என்று நம்பிய காலத்தில், கடும் பயிற்சி நாளை அடுத்து எளிய நாள் என்று முறை வகுத்தார். மாணவர்களின் காலணிகளைத் தாமே தைத்துப் பார்த்தார்.

நீலகிரிக்கே உரிய சோதனை ஒன்று காத்திருக்கிறது. 1997இல் லெவின், ஸ்ட்ரே-குண்டர்சன் இருவரும் 39 கல்லூரி ஓட்டக்காரர்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். 2,500 மீட்டர் உயரத்தில் தங்கி, 1,250 மீட்டருக்கு இறங்கிப் பயிற்சி செய்த குழுவின் 5,000 மீட்டர் ஓட்ட நேரம் சராசரியாக 13.4 விநாடி குறைந்தது. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். கூடலூர் ஏறத்தாழ 1,000. இடையே சுமார் 50 கிலோமீட்டர்தான். நாள்தோறும் மலைப்பாதையில் பேருந்தில் இறங்கி ஏற முடியாது என்பது உண்மை. ஆனால் கடும் பயிற்சிக்கு மட்டும் கீழே இறங்கினாலும் பலன் உண்டு என்று அதே ஆய்வாளர்களின் 2001ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. பாரதியார் பல்கலைக்கழக நெடுந்தொலைவு அணியை உதகையில் தங்கவைத்து, வாரம் இருமுறை கூடலூரில் வேக ஓட்டம் கொடுப்பது செய்யக்கூடியதே.

இங்கேதான் துணிவும் பொறுப்பின்மையும் பிரிகின்றன. பரிசோதனை பயிற்சியாளருடையது, உடல் மாணவருடையது. நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாளணு மரபுக்கூறு இருப்பதை லேமன், கட்புஷ் இருவரும் 1952லேயே பதிவு செய்தனர். ஒற்றை மரபுக்கூறு மட்டும் உள்ளவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார், விளையாடவும் செய்வார். ஆனால் உயரமான இடம், உடலில் நீரிழப்பு, ஓய்வில்லாத வேக ஓட்டம் மூன்றும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். 2006இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவர், 100 கஜ ஓட்டத்தைப் பதினாறு முறை ஓடியபின் சரிந்து மறுநாள் இறந்தார். அவரிடம் இம்மரபுக்கூறு இருந்தது. அதன் விளைவாக 2010 முதல் அமெரிக்காவில் முதல்நிலைக் கல்லூரி வீரர்களுக்கு இப்பரிசோதனை விதியானது. கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் அஸ்வினி அமைப்பு பல்லாண்டுகளாக அரிவாளணு நோயைக் கண்டறிந்து சிகிச்சை தருகிறது. மேலே சொன்ன சோதனையில் இறங்கும் பயிற்சியாளர் முதலில் போக வேண்டிய இடம் அந்த மருத்துவமனை. யாரையும் அணியிலிருந்து விலக்குவதற்காக அல்ல. யாருக்கு எவ்வளவு இடைவெளி, எவ்வளவு தண்ணீர், எத்தனை நாளில் வேகத்தைக் கூட்டலாம் என்று வகுத்துக்கொள்வதற்காக.

எனவே நேர்காணலில் சான்றிதழ்க் கோப்புடன் பயிற்சி நாட்குறிப்பையும் கேட்க வேண்டும். கைவிட்ட முறை எது, ஏன் கைவிட்டார், எந்த அறிகுறியைக் கண்டு நிறுத்தினார் என்று அதில் எழுதியிருப்பவரிடமே மாணவர்களை நம்பி ஒப்படைக்கலாம். பதக்க எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதும் போதாது. முதலாண்டில் 5,000 மீட்டரை 19 நிமிடத்தில் ஓடிய தோட்டத் தொழிலாளியின் மகன் மூன்றாமாண்டில் 16 நிமிடத்துக்கு வந்தால், பல்கலைக்கழகப் போட்டியில் ஏழாமிடமே கிடைத்தாலும் அது பயிற்சியாளரின் சாதனை.

இதற்கான விதை விதிகளிலேயே இருக்கிறது. பல்கலைக்கழகத் துணை இயக்குநர் பதவிக்குத் திறமையான அணிகளையும் வீரர்களையும் உருவாக்கிய சான்று கேட்கப்படுகிறது. அதே கேள்வியைக் கல்லூரி நிலைக்கும் கொண்டுவருவதில் பெரிய தடை இருக்க நியாயமில்லை. கூடவே பணிக்காலமும் வேண்டும். உஷா கண்ணில் பட்டதிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை நம்பியாருக்கு ஏறத்தாழ எட்டாண்டுகள் கிடைத்தன. பவர்மேன் ஆரிகனில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். தொகுப்பூதியத்தில், அடுத்த கல்வியாண்டு பணி தொடருமா என்று தெரியாமல் இருக்கும் ஒருவர், உதகைக்கும் கூடலூருக்கும் இடையே மூன்றாண்டுத் திட்டம் எதையும் தீட்ட மாட்டார்.