பர்ரன் பச்சை அந்துப்பூச்சியும் குளிர்கால மேய்ச்சலும்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் மாவட்டத்தின் வடகோடியில், கால்வே விரிகுடா வரை இறங்கிவரும் சுண்ணாம்புக்கல் நிலம் பர்ரன். 1949இல்தான் இங்கே ஒரு பச்சை அந்துப்பூச்சி அறிவியலின் கண்ணில் பட்டது. முன்சிறகு முழுக்கப் பச்சை. நடுவே வெளிறிய ஒரு பொட்டு. பூச்சி சேகரிப்பில் ஊறிய ஒரு சமூகத்தின் பார்வைக்கு இத்தனை காலம் தப்பியிருந்தது வியப்புதான். கலாமியா ட்ரைடென்ஸ் என்னும் இந்த இனம் ஐரோப்பியப் பெருநிலத்தில் பரவலாக உண்டு. பர்ரனில் வாழ்வது தனித் துணையினமாக விவரிக்கப்பட்டது. பிரிட்டனில் இந்த இனம் நிலைகொள்ளவில்லை.

அரிய பூச்சி என்றதும் அதன் உணவுச் செடியைத் தேடி வேலி போடுவது பாதுகாப்பாளர் வழக்கம். பர்ரனில் அது பயன்படாது என்பதே என் வாதம். புழு உண்பது செஸ்லேரியா என்னும் நீலப்புல்லை. அந்தப் புல்லோ பர்ரன் முழுக்கக் கிடக்கிறது. வட இங்கிலாந்தின் சுண்ணாம்புக்கல் மலைகளிலும் அதே புல் செழிக்கிறது. அங்கே இந்தப் பூச்சி இல்லை. ஆகவே புல் இருந்தால் மட்டும் போதாது. அது எந்த உயரத்தில், எவ்வளவு வெயில் படும்படி, எந்தப் பருவத்தில் மேயப்பட்டு நிற்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

இங்கே மேய்ச்சல் வழக்கம் தலைகீழானது. ஆல்ப்ஸ் மலைகளில் கோடையில் மாடுகள் மேலேறும்; பர்ரனில் குளிர்காலத்தில். கல் கோடை வெப்பத்தைத் தேக்கி வைத்து மெல்ல விடுகிறது. மழைநீர் பிளவுகளில் இறங்கிவிடுவதால் ஈரத்தரையில் மாடு உழல வேண்டியதில்லை. அதே காரணத்தால் கோடையில் மேலே குடிநீர் கிடைப்பது அரிது. அக்டோபர் வாக்கில் ஏறும் மாடுகள் வசந்தத்தில் இறங்கிவிடும். அந்துப்பூச்சியின் நாட்காட்டியோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். முட்டையாகவே அது குளிர்காலத்தைக் கழிக்கிறது. பெரும்பாலும் மாடுகள் போன பிறகே புழு புல் தண்டுக்குள் தின்று வளர்கிறது. ஜூலை, ஆகஸ்டில் சிறகு விரிக்கிறது. இந்தப் பொருத்தம் மட்டுமே காரணத்தை நிறுவிவிடாது. ஆனாலும் சென்ற ஆண்டின் காய்ந்த புல்லை மாடு தின்று தீர்ப்பதால்தான் வெயில் தரையைத் தொடுகிறது என்பதில் ஐயமில்லை.

மாடுகளை விலக்கிவிட்டால் இயற்கை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்பார் உண்டு. பர்ரனில் அந்த இயற்கை ஹேசல் புதர். சுமார் 5,800 ஆண்டுகளுக்கு முன் போல்நப்ரோன் கல்லறையைக் கட்டிய உழவர் காலந்தொட்டே இந்த வெளியைத் திறந்து வைத்தது மனிதரும் மாடும்தான். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து கனமான இன மாடுகளும் குளிர்காலத் தொழுவங்களும் வந்தன. மலையில் ஊறுகாய்ப்புல், அதாவது புளிக்கவைத்துச் சேமித்த பசும்புல் (சைலேஜ்), போடும் பழக்கமும் சேர்ந்தது. தீவனம் போட்ட இடத்திலேயே மந்தை நின்றது. அங்கே தரை மிதிபட்டுச் சேறாக, மற்ற இடத்தில் புல் முதிர்ந்து புதர் ஏறியது.

2005இல் தொடங்கிய பர்ரன்லைஃப் என்னும் பாதுகாப்புத் திட்டமும் அதன் வழித்தோன்றல்களும் இதற்குத் தந்த விடை எனக்கு ஏற்புடையது. ஊறுகாய்ப்புல்லுக்குப் பதில் சிறிதளவு அடர்தீவனம். புதர் வெட்டக் கூலி. ஒவ்வொரு புல்வெளிக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண், அது உயர உயர உழவருக்குப் பணமும் உயர்வு. தடைபோடாமல் விளைவுக்கு விலை தரும் ஏற்பாடு இது.

குறையும் உண்டு. மதிப்பெண் தருபவர் பார்ப்பது மேய்ச்சல் அளவு, காய்ந்த புல், தரைச்சேதம், புதர் போன்றவற்றை, அந்துப்பூச்சியை அல்ல. உயர்ந்த மதிப்பெண் பெற்ற வெளி பூச்சிக்கும் நல்ல வெளியா என்பது அதனால் தானாகத் தெரியாது. வெவ்வேறு மதிப்பெண் பெற்ற வெளிகளில் ஆகஸ்ட் இரவுகளில் விளக்குப் பொறி வைத்து, ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கையை ஒப்பிட்டால் தெரியும். முதிர்ந்த ஹேசல் காட்டுக்கும் தனக்கே உரிய உயிர்கள் இருப்பதால் புதரை எல்லாம் வெட்டித் தள்ளுவது தகாது. புதிதாகப் புதர் நுழையும், நீலப்புல் இன்னும் மிஞ்சியிருக்கும் சரிவுகளில் முதலில் அரிவாள் விழட்டும்.