ராஜியும் ராஜினாமாவும்

ஓசூர் வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்களுக்குப் பொதுவான சொற்களில் ஒன்று ராஜி. மூன்றிலும் சமரசம் என்றுதான் பொருள். லோக் அதாலத் நாட்களில் எங்கள் கிளையின் வராக்கடன் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நான் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும். சமாதானம், மத்தியஸ்தம், தீர்வு என்றெல்லாம் அங்கே யாரும் பேசுவதில்லை. ராஜி ஆயிற்றா இல்லையா, அவ்வளவுதான். இதன் இன்னொரு கிளை ராஜினாமா. ஆதியில் சமரசப் பத்திரம் என்று பொருள்பட்ட சொல், பதவியைத் துறக்கும் கடிதம் என்று எப்படியோ ஆகிவிட்டது. இந்த வட்டாரத்தில் பிறந்த ஒருவருடைய அரசியல் வாழ்க்கை பெரும்பாலும் இந்த இரண்டு பொருள்களுக்கும் இடையில்தான் நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

1878 டிசம்பர் 10ல் ராஜகோபாலாச்சாரி பிறந்த தொரப்பள்ளி, நான் இருக்கும் மத்திகிரியிலிருந்து ஓசூரைத் தாண்டிப் போனால் தென்பெண்ணைப் பக்கம் இருக்கிறது. தகப்பனார் கிராம முன்சீப். மகன் சேலத்தில் வக்கீல். ராஜாஜி என்றால் நம் வட்டத்தில் நினைவுக்கு வருவது குலக்கல்வி, இல்லையென்றால் பக்தி கலந்த குட்டிக்கதை. இரண்டுக்கும் அவரே பொறுப்பு. ஆனால் யுத்தம் என்ற விஷயத்தில், குறிப்பாக ஒரு யுத்தத்தை எப்படி முடிப்பது என்பதில், அவருக்கு மட்டுமே உரிய ஒரு பார்வை இருந்தது. அகிம்சைவாதிகளின் பார்வையோடு அதைச் சேர்த்துக் குழப்பிவிட்டதால், அதன் பலமும் கோளாறும் ஒரே சமயத்தில் மறைந்துபோயின.

1939 செப்டம்பர் 3ல் வைஸ்ராய் லின்லித்கோ இந்த நாட்டில் யாரையும் கேட்காமல் இந்தியா யுத்தத்தில் இருப்பதாக அறிவித்தார். அது நம் மக்களின் யுத்தமல்ல. மாகாண மந்திரிசபைகள் விலகின. சென்னையில் பிரதமராக இருந்த ராஜாஜியும் விலகினார். பிறகு அவர் செய்தவற்றை வரிசையாகப் பார்த்தால் பைத்தியம் பிடித்தவரின் நடை போலிருக்கும். 1940 ஜூலையில், மத்தியில் தேசிய சர்க்கார் அமைந்தால் காங்கிரஸ் யுத்தத்தில் ஒத்துழைக்கும் என்ற தீர்மானத்துக்கு முன்னின்று வேலை செய்தார். காந்தி அதில் சேராமல் ஒதுங்கினார். பிரதமர் பதவி முஸ்லிம் லீக்குக்கே போகட்டும், என் சகாக்களைச் சம்மதிக்க வைக்கிறேன் என்று ஆகஸ்டில் இன்னொரு படி இறங்கினார். லண்டன் கேட்கவில்லை. டிசம்பரில், அதே யுத்தத்துக்கு எதிரான தனிநபர் சத்தியாக்கிரகத்தில் கைதாகி ஓராண்டுத் தண்டனை பெற்றார். 1941ல் வெளியே வந்ததும் மறுபடி ஒத்துழைப்பு பற்றியே பேசினார்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரல் 5ல் கொழும்பிலும் மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும் ஜப்பான் குண்டுகள் விழுந்தன. பட்டணம் காலியானது. மூட்டை முடிச்சோடு கொங்குப் பக்கமும் தஞ்சாவூர்ப் பக்கமும் வந்து சேர்ந்த குடும்பங்களைப் பற்றி எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் ஒரு கிழவி சொல்லக் கேட்டிருக்கலாம். அந்த ஏப்ரல் 23ல் சென்னைச் சட்டசபைக் காங்கிரஸ் கட்சியைக் கூட்டி ராஜாஜி இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றினார். பிரிந்து போக வேண்டும் என்ற லீக்கின் கோரிக்கையை, அந்தப் பகுதிகளின் மக்கள் விரும்பினால், ஒப்புக்கொள்வது ஒன்று. சென்னையில் மறுபடி மந்திரிசபை அமைத்து மாகாணத்தின் பாதுகாப்பைக் கையில் எடுப்பது மற்றொன்று. அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி அவர் கருத்தை 120க்கு 15 என்ற வாக்கில் தூக்கி எறிந்தது. காரியக் கமிட்டியிலிருந்து ராஜினாமா. ஜூலையில் காங்கிரசிலிருந்தும் சட்டசபையிலிருந்தும் ராஜினாமா. போகிற இடமெல்லாம் கூச்சல். பம்பாயில் ஒரு கூட்டத்தில் அவர் மீது தார் வீசினார்கள். ஆகஸ்ட் 8ல் ‘வெள்ளையனே வெளியேறு’. தேசமே சிறைக்குப் போனபோது அவர் வெளியே இருந்தார், கறுப்புக் கண்ணாடியோடு.

அவருடைய தர்க்கம் எளிமையானது. நடப்பது மூன்று சண்டை: வெளியே ஜப்பானோடு, உள்ளே பிரிட்டனோடு, வீட்டுக்குள் லீக்கோடு. மூன்றையும் ஒரே சமயத்தில் ஜெயிக்க முடியாது. ஒன்றை முடித்தால் மற்றவை தானாகத் தளரும். முடிக்கக்கூடியது வீட்டுச் சண்டைதான். அதை முடிக்க முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியவன் பலசாலி. பலசாலி இங்கே காங்கிரஸ். வங்கியில் இது எங்களுக்குப் பழக்கமான விஷயம். ராஜி பேசும்போது வட்டியைத் தள்ளுபடி செய்வது வங்கிதான். கடன்காரனிடம் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. நாளாக ஆக வட்டி ஏறும், அசலே கிடைக்காமல் போகும். இதில் தர்மம் எதுவும் கிடையாது, கணக்குதான். 1943ல் அவர் இங்கிலீஷில் எழுதிய ‘வெளியேறும் வழி’ என்ற சிறு புத்தகத்தின் தொனியும் கணக்கப்பிள்ளையின் தொனிதான். பரவசம் மருந்துக்கும் இல்லை.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 1942 ஆகஸ்டில் தண்டவாளத்தைப் பெயர்த்தவனும் தந்திக் கம்பியை அறுத்தவனும் எதைச் செலவு செய்தார்கள் என்பதை எழுத ராஜாஜியின் பேரேட்டில் பத்தி கிடையாது. கோபமும் அவமானமும் அவருக்கு வெறும் தடங்கல்கள். ஒரு ஜனசமூகம் ராஜியை மறுப்பதன் மூலமே தான் யார் என்று கண்டுகொள்கிற சந்தர்ப்பம் உண்டு என்பது அவருக்குப் புரியவில்லை. ஆகஸ்ட் இல்லாமல் 1947 வந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஆனால் 1947 எப்படி வந்தது என்று பார்க்கும்போது மறுபக்கமும் தெரிகிறது. 1943ல் சிறையில் உண்ணாவிரதம் இருந்த காந்தியிடம் காட்டிச் சம்மதம் பெற்று, 1944ல் ஜின்னாவிடம் கொடுத்து, அந்த ஜூலையில் வெளியிட்ட திட்டம்தான் ‘ராஜாஜி பார்முலா’. லீக் சுதந்திரக் கோரிக்கையை ஆதரித்து இடைக்கால சர்க்காரில் சேர வேண்டும். யுத்தம் முடிந்தபின் வடமேற்கிலும் வடகிழக்கிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள தொடர்ச்சியான ஜில்லாக்களைப் பிரித்துக் காட்ட ஒரு கமிஷன். அங்கே எல்லா மக்களும் வாக்களித்து முடிவு செய்வது. பிரிந்தாலும் பாதுகாப்பு, வர்த்தகம், போக்குவரத்து ஆகியவற்றில் ஒப்பந்தம். குடிபெயர்வது அவரவர் இஷ்டம். பூச்சி அரித்த பாகிஸ்தான் என்று ஜின்னா தள்ளினார். தேசத்தைக் கூறுபோடுகிறார் என்று இந்து மகாசபை கத்தியது. 1944 செப்டம்பரில் காந்தியும் ஜின்னாவும் பம்பாயில் 18 நாள் பேசி முறிந்தது. மூன்று வருஷம் கழித்துக் கிடைத்த படம் ஏறக்குறைய அதே படம். பஞ்சாபும் வங்காளமும் ஜில்லா ஜில்லாவாக அறுக்கப்பட்டன. விட்டுப்போனவை பார்முலாவில் இருந்த மற்றவை: அந்த ஜில்லாக்களின் மக்கள் வாக்கு, ஒப்பந்தம், இஷ்டப்பட்டால் மட்டும் குடிபெயர்வது. அசலும் போய் வட்டியும் கட்டியாயிற்று. பிளந்த வங்காளத்துக்கு முதல் கவர்னராகப் போனவர் ராஜாஜியே.

இலக்கியவாசகனுக்கு இதைவிடச் சுவாரசியமானது அந்த ஆண்டுகளில் அவர் தமிழில் எழுதிக்கொண்டிருந்தது. கல்கியில் வந்த வியாசர் விருந்து, 1940களின் நடுவில் எழுதப்பட்டது. தூது தோற்றுப்போனதால் நடந்த யுத்தத்தின் கதையை, தன் தூது தோற்றுக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார். ஐந்து கிராமம் கொடுத்தால் போதும் என்கிறான் தருமன். ஊசிமுனை நிலமும் கிடையாது என்கிறான் துரியோதனன். இந்த இடத்தைத் தாண்டும்போது ராஜாஜியின் கை நடுங்கியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்து மறுபடி படித்தேன். நடுங்கவில்லை. வாக்கியங்கள் குட்டை, அடைமொழிகள் குறைவு, தெளிவு எங்கும் குறையவில்லை. தமிழில் அவ்வளவு நிர்விகாரமான உரைநடை அபூர்வம். குழந்தைகளுக்கானது என்று நாம் ஒதுக்கியது அவசரம். ஆனால் வியாசனின் கண்ணன், தூது பலிக்காது என்று தெரிந்தே போகிறவன். முயலவில்லை என்ற பழி வரக்கூடாது என்று விதுரனிடமே சொல்கிறான். சமாதானத்தை விரும்பினானா, யுத்தத்துக்கு நியாயம் தேடினானா என்பது பிரிக்க முடியாதபடி முடிச்சுப் போட்டிருக்கிறது. அந்த முடிச்சைத் தொடும் தூரத்தில் இருந்த ஒரே தமிழ் எழுத்தாளர், வாசகரைக் கூப்பிட்டு நீதி சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்.

ஒருவேளை அவருக்கு அந்த இடத்தில் நிற்பது சௌகரியமாக இருந்திருக்காது. ஏனென்றால் அவரும் ஒருமுறை துரியோதனன் இடத்தில் இருந்தவர். 1938ல் பள்ளிக்கூடங்களில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது சென்னை மாகாணத்தில் பலசாலி அவர்தான். எதிர்த்தவர்கள் மீது, காங்கிரஸ்காரர்களை அடக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்த கிரிமினல் சட்டத் திருத்தத்தையே பாய்ச்சினார். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சிறை சென்றார்கள். பெரியாருக்கும் தண்டனை. 1939ல் நடராசனும் தாளமுத்துவும் காவலில் இருக்கும்போதே செத்தார்கள். ஐந்து கிராமம்கூட வேண்டாம், ‘கட்டாயம்’ என்ற ஒரு சொல்லை விட்டுக்கொடுத்தால் முடிந்திருக்கும். முடிக்கவில்லை. அவர் பதவி விலகியபின் 1940 பிப்ரவரியில் கவர்னர்தான் உத்தரவை வாபஸ் வாங்கினார். பலசாலி முதலில் இறங்க வேண்டும் என்ற பாடத்தை 1942ல் காங்கிரசுக்குச் சொன்னவர், அது தன் கையில் இருந்தபோது சொந்த ஜனங்களிடம் காட்டவில்லை. 1965ல் அதே இந்திக்கு எதிராக அவர் நின்றது இதற்குப் பரிகாரம் என்கிறார்கள். இருக்கலாம். அப்போது அவர் கையில் போலீஸ் இல்லை.

அதிகாரம் இல்லாதபோதுதான் அவர் பார்வை கூர்மையாக இருந்தது என்பது மீதி வாழ்க்கையிலும் பொருந்துகிறது. அணுகுண்டு விஷயத்தில் 1954 முதல் அவர் சொன்னதும் பழைய வாதம்தான்: எதிரி இறங்கட்டும் என்று காத்திராமல் பலசாலியான அமெரிக்கா தானாக நிறுத்த வேண்டும். 1962ல், 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவில் ஆர். ஆர். திவாகர், பி. சிவராவ் ஆகியோரோடு வாஷிங்டன் போய் கென்னடியைப் பார்த்தார். ஒதுக்கிய நேரத்தை மீறி ஒரு மணி நேரத்துக்கு மேல் பேச்சு நீண்டது. அடுத்த மாதமே கியூபா நெருக்கடி. பகுதித் தடை ஒப்பந்தம் 1963 ஆகஸ்டில் வந்தது. அதற்கும் இந்தச் சந்திப்புக்கும் முடிச்சுப் போடுவது அவருடைய அடியார்களின் வேலை.

இந்த இடத்தில் அவரைச் சமாதானப் புறாவாக வரைந்துவிடுவது சுலபம். வியட்நாம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அமெரிக்க இளைஞர்களே வெறுத்த யுத்தத்தில், அமெரிக்கா வெளியேறக்கூடாது, வெளியேறினால் தென்கிழக்காசியா முழுவதையும் சீனா விழுங்கும் என்று எழுதினார் சுதந்திராக் கட்சியின் ஸ்தாபகர். பலசாலி முதலில் இறங்க வேண்டும் என்ற சூத்திரம் எங்கே போயிற்று? எதிரே கம்யூனிஸ்டு இருந்தால் சூத்திரம் நின்றுவிடும். பார்முலாவில் ஜில்லா ஜில்லாவாக வாக்கெடுக்கச் சொன்னவர், அங்கே மக்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்டதாகத் தெரியவில்லை.

இங்கே ஓசூரில் யுத்தம் ஒரு தூரத்துச் சமாச்சாரமாக இருந்ததில்லை. 1791ல் கம்பெனிப் படை இந்தக் கோட்டையைத் திப்புவின் ஆட்களிடமிருந்து பிடித்தது. மத்திகிரிப் பண்ணை 1824ல் தொடங்கியது, ராணுவத்துக்குக் குதிரை வளர்க்க. மாடு பின்னால் வந்தது. 2019ல் தொடங்கிவைத்த ராணுவத் தளவாடத் தொழில் தடத்தில் ஓசூர் ஒரு முனை. ராஜியைப் பற்றி ஊர்க்காரர் என்ன சொன்னார் என்று கேட்க இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது, இருந்தும் யாரும் கேட்கவில்லை.

கேட்க வேண்டியது 1964. ஏப்ரலில் ஷேக் அப்துல்லாவை நேரு விடுதலை செய்தார். சீன யுத்தத்தில் அடிபட்டு, உடல் தளர்ந்து, காஷ்மீர் விவகாரத்தைத் தன் காலத்திலேயே முடித்துவிட வேண்டும் என்ற தவிப்பில் இருந்தவர். அவருடைய கட்சியிலேயே பலருக்கு இது பிடிக்கவில்லை. பகிரங்கமாகத் துணை நின்ற மிகச் சிலரில் ஒருவர், ஐந்து வருஷமாக நேருவின் ஆட்சியைக் கிழித்துக்கொண்டிருந்த ராஜாஜி. மே 5ல் அப்துல்லா சென்னைக்கு வந்து அவரோடு மூன்றரை மணி நேரம் பேசினார். பாகிஸ்தானை ஒரு தரப்பாக ஒப்புக்கொண்டு, தோற்றவன் ஜெயித்தவன் என்ற பேச்சில்லாமல் ஒரு ஏற்பாடு வேண்டும் என்பது ராஜாஜியின் நிலை. இந்தமுறை பலசாலியின் நாற்காலியில் இருந்தவர் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் அப்துல்லாவைப் பாகிஸ்தானுக்கும் அனுப்பினார். மே 26ல் அயூப் கானோடு சந்திப்பு. டில்லியில் நேருவும் அயூபும் பேசுவது என்ற அளவுக்கு வந்தது.

மே 27 மதியம் நேரு இறந்தார். அப்துல்லா முஸாபராபாத்தில் இருந்தார். செய்தி அங்கேதான் எட்டியது. அடுத்த ஆண்டு மே மாதம் அவர் மறுபடி கைதாகி ஊட்டிக்குக் கொண்டுவரப்பட்டார். ஆகஸ்டில் யுத்தம்.